பாதை தெரியும் என்று ஒரு கையெழுத்து

செங்கோட்டை,
12-3-1946

சேசு மரி சூசை துணை.

அன்புள்ள அக்கா அமலோற்பவத்துக்குத் தம்பி வில்பிரட் தோத்திரம் சொல்லி எழுதுவது. சர்வேசுரன் கிருபையால் நான் சுகம். நீங்கள், அத்தான், பிள்ளை மெட்டில்டா மூவரும் சுகமாக இருப்பதற்கு எழுதவும். துறைமுகத்தில் அத்தானுக்கு வேலை நெருக்கடி குறைந்ததா?

மாற்றலாகி வந்து ஏழு நாள் ஆகிறது. எழுதக் கை வரவில்லை. உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது அக்கா? தூத்துக்குடிக்கும் மணியாச்சிக்கும் பதினோரு வருஷம் இன்ஜின் ஓட்டியவன், முந்தாநாள் இன்ஜினில் சும்மா நின்றுகொண்டு வந்தபோதே கம்பியை விடாமல் பிடித்துக்கொண்டேன். நம் ஊரில் உப்பளத்துக்கு நடுவே கோடு கிழித்தமாதிரி தண்டவாளம். இரண்டு மைல் தள்ளியே கைகாட்டி தெரியும். இங்கே மலையேறி, குகைக்குள் நுழைந்து, மறுபக்கம் மலையாள நாட்டுக்குள் பாதை இறங்குகிறது. இறக்கத்தில் இருநூறு டன் சரக்கு முதுகில் ஏறி உட்கார்ந்து தள்ளுகிறது.

அந்த இறக்கத்தில் ஓரிடம் உண்டு. பெரிய பாதையிலிருந்து ஒரு கிளை பிரிந்து மேட்டில் ஏறி மணலில் முடிகிறது. எப்போதும் தண்டவாளம் அந்தக் கிளைக்கே திருப்பியிருக்கும். வண்டி அங்குள்ள பலகைக்கு முன்னால் நின்று விசில் கொடுத்தால்தான் ஆள் வந்து பெரிய பாதைக்கு மாற்றுவான். நிற்காமல் வந்த வண்டி நேரே மணலுக்குத்தான். பள்ளத்தில் விழாமல் இருக்க அப்படி ஓர் ஏற்பாடு. பலகை கண்ணில் பட்ட பிறகு பிரேக் போட்டுப் பயன் இல்லை, முக்கால் மைலுக்கு முன்னாலேயே பிடிக்கத் தொடங்க வேண்டும். எங்கே தொடங்குவது என்று எழுதி வைத்த பலகை எதுவும் கிடையாது. அதுதான் படிப்பு.

புதிதாக வந்த டிரைவர், தெரிந்தவரோடு ஆறு தடவை போய்வர வேண்டும். மூன்று பகலில், மூன்று இருட்டில். பிறகு ஷெட்டில் உள்ள புத்தகத்தில் தேதிகளைக் குறித்து, இந்தப் பாதை எனக்குத் தெரியும் என்று கையெழுத்துப் போட வேண்டும். காட்டிக்கொடுத்தவரும் கீழே போடுவார். அதற்குப் பிறகு தெரியாது என்று சொல்ல இடமில்லை.

எனக்குக் காட்டிக்கொடுக்க வந்திருப்பவன் எஸ்றா என்று ஒரு பையன். நாசரேத்துப் பக்கத்துப் புரொட்டஸ்டன்ட் வேதக்காரன். என்னைவிடப் பத்து வயது இளையவன். முதல் நாளே, "அண்ணாச்சி, தூத்துக்குடில நீங்க ஓட்டுனது ரயிலா, உப்பு வண்டியா?" என்று கேட்டான். "ஒன் வயசுல நான் ஓட்டுன ரயிலுக்கு நீ கொடி காட்டிட்டு நின்னிருப்பலே" என்றேன். பயர்மேன் இசக்கியப்பன் கரி அள்ளுவதை விட்டுவிட்டுச் சிரித்தான். நானும் சிரித்தேன். உள்ளே சிரிப்பு வரவில்லை.

எனக்காக ஒரு செபமாலை சொல்லுங்கள்.

உங்கள் தம்பி,
வில்பிரட்


தூத்துக்குடி,
20-3-1946

சேசு மரி சூசை துணை.

அன்புள்ள தம்பி வில்பிரட்டுக்கு அக்கா ஆசீர்வாதம். இங்கு மூவரும் சுகம். மெட்டில்டாவுக்கு மூன்று நாள் சளி இருந்து இறங்கிவிட்டது. உன் 12-ம் தேதிக் கடிதம் 15-ம் தேதி பகல் பதினொன்றரைக்கு வந்தது. வாசித்தவுடன் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். அத்தான் சாப்பாட்டுக்கு வந்தபோது சோறு பாதி வேக்காட்டில் இருந்தது.

மணலில் போய் முடிகிற தண்டவாளம் என்று எழுதியிருக்கிறாயே, அப்படி ஒன்றைக் கேள்விப்பட்டதே இல்லை. அன்றுமுதல் மூன்று நாள் மாதா கோயிலுக்குப் போய் உன் பெயருக்கு ஒரு செபமாலை சொன்னேன். மூன்றாம் நாள் செபத்தின் நடுவில் அப்பா ஞாபகம் வந்தது. அதை எழுதத்தான் இக்கடிதம்.

நம் அப்பா முத்துக் குளிக்கிற வள்ளத்தை நடத்துகிற தண்டலாக இருந்தவர். முத்துக்குளிப்புச் சலாபம் நடந்த வருஷங்களில் பத்து மைல் கடலுக்குள் போய், சிப்பி கிடக்கிற கடலடிப் பார் இன்ன இடம் என்று எப்படி நிறுத்தினார்? தண்ணீரிலா எழுதியிருந்தது? கிட்டத்தில் ஓர் அடையாளம், தூரத்தில் ஓர் அடையாளம். மாதா கோயில் கோபுரத்துக்கு நேர் பின்னால் வல்லநாட்டு மலை முகடு வந்து நின்றால் ஒரு கோடு. அந்தக் கோட்டின்மேல் வள்ளத்தை விட்டுக்கொண்டு போய், இன்னோர் அடையாளத்தைக் கண்டதும் நங்கூரக் கல்லைப் போடச் சொல்லுவார். ஒருநாளும் தப்பியதில்லை. கூடப் போனவர்கள் எல்லாரும் சாட்சி.

நீயும் அவர் பிள்ளைதானே. அந்த மலையிலும் கிட்டத்தில் ஒன்று தூரத்தில் ஒன்று பார்த்து வைத்துக்கொள். இரண்டும் நேர் வருகிற இடத்தில் பிரேக் போடு. பத்து வயது இளையவனிடம் கைகட்டி நிற்கிற கஷ்டமும் குறையும்.

இன்னொரு சேதி. மெட்டில்டா முதல்முறை நற்கருணை வாங்குகிற புதுநன்மை ஏப்ரல் 28, உயிர்ப்புத் திருநாளுக்கு அடுத்த ஞாயிறு. தாய்மாமனும் நீ, ஞானத்தகப்பனும் நீ. வெள்ளை உடுப்புக்குத் துணி ரேஷனில் கிடைக்காமல் என் கல்யாணச் சேலையை வெட்டித் தைக்கிறேன். நான்கு நாளாவது வந்து இருக்கிறமாதிரி பார்த்துக்கொள்.

அக்கா,
அமலோற்பவம்


செங்கோட்டை,
8-4-1946

சேசு மரி சூசை துணை.

அன்புள்ள அக்காவுக்கு வில்பிரட் தோத்திரம். நான் சுகம். உங்கள் எல்லாருடைய சுகத்துக்கும் எழுதவும்.

அக்கா, உங்கள் யோசனை பலித்துவிட்டது. பகல் பயணம் மூன்றும் முடிந்தன. இரண்டாம் பயணத்திலேயே அடையாளம் பிடித்துவிட்டேன். குகை தாண்டி இறங்கும்போது பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் ஒரு மொட்டைப் பாறை. அதற்கும் பின்னால் தேயிலைத் தோட்டத்துத் துரையின் வெள்ளைப் பங்களா. பாறையின் தலைமேல் பங்களா வந்து உட்கார்ந்ததும் பிரேக் போட்டால், பலகைக்கு முன்னால் அளந்து வைத்தமாதிரி வண்டி நிற்கிறது. மூன்றாம் பயணத்தில் எஸ்றா ஒதுங்கி நின்றுகொண்டு என்னையே பிடிக்கச் சொன்னான். நின்ற இடத்திலிருந்து பலகையைக் கைநீட்டித் தொட்டிருக்கலாம்.

ஆனாலும் அவனுக்குத் திருப்தி இல்லை. "அண்ணாச்சி, எங்கனயோ கெடக்க பங்களாவ ஏன் பாக்கீய? கண்ண மூடிட்டுக் கேளுங்க. ரெண்டாவது பாலம் தாண்டுனதும் எடது பக்கம் பாறைச் செவுரு வரும். இன்ஜின் சத்தம் செவுத்துல பட்டு நம்ம மூஞ்சிலயே வந்து அடிக்கும். அப்பப் போடணும்" என்கிறான். "கண்ண மூடிட்டு ரயில் ஓட்டுத ஊரு ஒங்க ஊருதாம்லே" என்றேன். இசக்கியப்பனும் அவன் கட்சிதான். ஐந்து வருஷமாக இந்தப் பாதையில் கரி அள்ளுகிறவன். பெரிய டிரைவர் என்று மரியாதைக்குச் சும்மா இருக்கிறான்.

மெட்டில்டாவின் விசேஷத்தைப் பற்றித்தான் சங்கடம். இருட்டுப் பயணம் மூன்றையும் 26, 27, 28 தேதிகளில் போட்டிருக்கிறார்கள். விட்டால் மே கடைசிக்குத் தள்ளிப்போகும், தனியாக வண்டி எடுப்பதும் தள்ளிப்போகும். புதுநன்மையை ஒரு மாதம் பிந்தி வைக்கச் சாமியாரிடம் கேட்க முடியுமா? அத்தானையும் கலந்துகொண்டு எழுதவும்.

உங்கள் தம்பி,
வில்பிரட்


தூத்துக்குடி,
15-4-1946

சேசு மரி சூசை துணை.

தம்பி வில்பிரட்டுக்கு அக்கா எழுதுவது. எல்லாரும் சுகம். உன் சுகம் விரும்புகிறேன்.

புதுநன்மையைப் பிந்தி வை என்று எழுத உனக்கு எப்படி மனம் வந்தது? கடிதத்தை அத்தானிடம் கொடுக்கவே வெட்கமாக இருந்தது. இருபத்திரண்டு பிள்ளைகள் சேர்ந்து வாங்குகிறார்கள். இவள் ஒருத்தியை மட்டும் மாமனுக்குப் பாதை படிப்பு இருக்கிறது என்று நிறுத்தி வைப்பார்களா? சேதியை அவளிடம் சொன்னேன். "மாமா வரலன்னா நான் யாரு கையப் புடிச்சிட்டு நடப்பேன்?" என்றாள். தைத்த உடுப்பை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

உன் வீட்டுக்காரி கண்மூடி ஆறு வருஷம் ஆகிறது. உனக்கென்று இருக்கிறது இந்த ஒரு பிள்ளைதான். நான் சொல்லித்தான் இது உனக்குத் தெரியவேண்டுமா?

அடையாளம் பிடித்தாயிற்று, வண்டியும் சொன்ன இடத்தில் நிற்கிறது என்று நீயே எழுதியிருக்கிறாய். பிறகு என்ன? அந்த எஸ்றாத் தம்பியிடம் ஒரு வார்த்தை கேட்டுப்பார். அவனுக்கும் அக்கா தங்கை இருப்பார்கள். நான்கு நாள்தானே.

26-ம் தேதி மாலை உனக்காகச் சீலா மீன் வாங்கி வைப்பேன்.

அக்கா,
அமலோற்பவம்


செங்கோட்டை,
4-5-1946

சேசு மரி சூசை துணை.

அன்புள்ள அக்காவுக்கு வில்பிரட் தோத்திரம். சுகமாக வந்து சேர்ந்தேன். பஸ்ஸில் வந்ததால் உடம்பெல்லாம் புழுதி, வேறு கஷ்டம் இல்லை. மெட்டில்டா வெள்ளை உடுப்பில் என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. நற்கருணை வாங்கித் திரும்பி வந்தவள், "மாமா, நெஞ்சு படபடங்குது" என்று என் காதில் சொன்னாள். அதை உங்களிடம் சொல்ல மறந்துவிட்டேன்.

2-ம் தேதி புத்தகத்தில் கையெழுத்துப் போட்டாயிற்று. நேற்றிலிருந்து தனியாக வண்டி எடுக்கிறேன். இசக்கியப்பனையே எனக்குப் பயர்மேனாகப் போட்டிருக்கிறார்கள். எல்லாம் பகல் வண்டிதான், கவலைப்பட வேண்டாம்.

சீலா மீன் குழம்பின் வாசம் இன்னும் கையில் இருக்கிறது.

உங்கள் தம்பி,
வில்பிரட்


தூத்துக்குடி,
24-6-1946

சேசு மரி சூசை துணை.

தம்பி, உயிரோடு இருக்கிறாயா?

மணியாச்சி ரயில் கார்டு ராஜதுரை இன்று துறைமுகத்தில் அத்தானைப் பார்த்துச் சொல்லியிருக்கிறார். மலைப் பாதையில் சரக்கு வண்டி ஒன்று மணலில் ஏறி இன்ஜின் சாய்ந்துவிட்டதாம், ஓர் ஆள் செத்துப்போனானாம். யார் என்று அவருக்குத் தெரியவில்லை. 19-ம் தேதி நடந்ததாம். ஐந்து நாள் ஆகிவிட்டது. எனக்கு ஒரு வரி இல்லை.

அத்தான் தந்தி கொடுக்கப் போயிருக்கிறார். கை ஓடாமல் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். மாமாவுக்கு என்ன என்று மெட்டில்டா கேட்டுக்கொண்டே இருக்கிறாள். மாதாவே, அது வேறு யாருடைய வண்டியாகவோ இருக்கட்டும் என்று வேண்டினேன். வேண்டிவிட்டுப் பதறிப்போனேன். அந்த வேறு ஆளுக்கும் ஓர் அக்கா இருப்பாளே.

நீயே எழுத முடியாவிட்டால் யாரையாவது எழுதச் சொல்.

அமலோற்பவம்


செங்கோட்டை,
2-7-1946

சேசு மரி சூசை துணை.

அன்புள்ள அக்காவுக்கு வில்பிரட் தோத்திரம். தந்தியும் கடிதமும் கிடைத்தன. உயிரோடு இருக்கிறேன். இடது கை எலும்பு முறிந்து கட்டுப்போட்டிருக்கிறது. வேறு காயமில்லை.

செத்தவன் இசக்கியப்பன்.

19-ம் தேதி பகல் நாலு மணி. குகையிலிருந்து வெளியே வந்தால் மலையைக் காணவில்லை அக்கா. மலையாளப் பக்கத்து மழை தொடங்கி, மேகம் தண்டவாளம்வரை இறங்கியிருந்தது. இன்ஜின் மூக்கே தெரியவில்லை. பாறையைத் தேடினேன். பாறையும் இல்லை, பங்களாவும் இல்லை. இதோ தெரியும், இதோ தெரியும் என்று பார்த்துக்கொண்டே வந்தேன். பலகைதான் தெரிந்தது. பிரேக்கை முழுக்கப் போட்டேன். நிற்கவில்லை. மணலில் ஏறி இன்ஜின் பக்கவாட்டில் சாய்ந்தது. பின்னால் இருந்த கரி மொத்தமும் முன்னால் சரிந்தது. இசக்கியப்பன் குனிந்து கரி அள்ளிக்கொண்டிருந்தான். அவனுக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. இரண்டு மணி நேரம் தோண்டி எடுத்தார்கள். வயது இருபத்தாறு. பெண்சாதி பெயர் செல்லத்தாய். கல்யாணமாகி ஒரு வருஷம்.

விசாரணை நடக்கிறது. புத்தகத்தில் என் இருட்டுப் பயணம் 26, 27, 28 தேதிகளில் என்று எழுதி என் கையெழுத்தும் எஸ்றா கையெழுத்தும் இருக்கின்றன. அந்தத் தேதிகளில் அவன் இன்ஜினில் நான் இல்லை என்று எப்படியோ கண்டுபிடித்துவிட்டார்கள். நான் என்ன செய்வேன்? இங்கேதான் அறையில் தயாராக இருந்தேன், அவன்தான் "நீங்க அனுபவஸ்தர், வரவேண்டாம், கையெழுத்து மட்டும் போடுங்க" என்றான் என்று சொல்லியிருக்கிறேன். நான் ஊருக்குப் போயிருந்தேன் என்று அவன் சொல்லுகிறான். ரயில் பாஸ் எழுதி வாங்காமல் பஸ்ஸில் வந்தேன். அதனால் அவனிடம் சாட்சி இல்லை.

அங்கே யாராவது வந்து கேட்டால், ஏப்ரல் கடைசியில் நான் வரவில்லை என்று சொல்லிவிடுங்கள். மெட்டில்டாவிடமும் சொல்லி வையுங்கள். சின்னப் பிள்ளை, வாய்தவறிச் சொல்லிவிடும்.

உங்கள் தம்பி,
வில்பிரட்


தூத்துக்குடி,
8-7-1946

சேசு மரி சூசை துணை.

தம்பி வில்பிரட்டுக்கு அக்கா எழுதுவது. உன் கை சீக்கிரம் கூடவேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.

உன் கடிதத்தை நான்கு தடவை வாசித்தேன். கையெழுத்து உன்னுடையதுதான் என்று உறுதி செய்துகொள்ள, பழைய கடிதங்களைக் கம்பியிலிருந்து உருவிப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அந்த அளவுக்கு எனக்கு நம்ப முடியவில்லை.

புதுநன்மை வாங்கி எழுபது நாள் ஆன பிள்ளையிடம், உன்னைக் கைப்பிடித்து நடத்திய மாமன் வரவே இல்லை என்று சொல், என்று நான் சொல்லிக்கொடுக்க வேண்டுமா? எந்த நாக்கால் சொல்லுவேன்? சொல்லிவிட்டு எந்த முகத்தோடு சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போவேன்?

ரேஷன் அரிசி வந்த நாளிலிருந்து, வீட்டில் யார் எத்தனை வேளை சாப்பிட்டார்கள் என்று நான் எழுதி வைக்கிறது உனக்குத் தெரியும். 26 மாலை முதல் 30 காலை வரை உன் பெயர் அதில் இருக்கிறது. அந்தத் தாளைக் கிழிக்க வேண்டுமா? கோயிலில் இருபத்திரண்டு குடும்பம் உன்னைப் பார்த்தது. அவர்கள் கண்ணை என்ன செய்வாய்? ரயில்காரன் பஸ்ஸில் வந்து இறங்குகிறானே என்று அத்தான் கேலி செய்தபோது எல்லாரும் சிரித்தோம், நீ மட்டும் சிரிக்கவில்லை. அன்றைக்கே நான் கேட்டிருக்க வேண்டும்.

இருட்டுப் பயணம் போகவே இல்லை என்று எழுதியிருக்கிறாய். முடித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டாய் என்று நான் நினைத்திருந்தேன். ஓர் உயிர் போயிருக்கிறது தம்பி. இன்னொருவன் பிழைப்பையும் அதன்மேல் போடாதே. ஆபீசரிடம் போய் நடந்ததை நடந்தபடி சொல்.

பதில் எழுது. சொன்னேன் என்று ஒரு வரி போதும்.

அக்கா,
அமலோற்பவம்


செங்கோட்டை,
18-7-1946

கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.

மரியாதைக்குரிய அமலோற்பவம் அக்கா அவர்களுக்கு, டிரைவர் எஸ்றா எழுதுவது. தாங்களும் வீட்டாரும் சுகமாக இருக்க ஜெபிக்கிறேன். தபால்காரர்கள் வேலைநிறுத்தம் செய்வதால் கார்டு ராஜதுரை அண்ணாச்சி கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். முன்பின் தெரியாதவன் எழுதுவதை மன்னிக்க வேண்டும்.

என் பேரில் உள்ள குற்றத்தை நான் மறுக்கவில்லை. வராத ஆளை வந்தார் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதற்கு என்ன தண்டனை கொடுத்தாலும் சரி. ஆனால் நான் அவரை வரவேண்டாம் என்று தடுத்ததாக அவர் சொல்லியிருக்கிறார். அதை நம்பினால் என்னை வேலையை விட்டே நீக்கிவிடுவார்கள். என் மனைவிக்கு இது எட்டாம் மாதம்.

அண்ணாச்சி முதலில் கேட்டபோது முடியாது என்றுதான் சொன்னேன். மறுநாள் ஒரு கடிதத்தைக் கொண்டுவந்து என் முன்னால் வாசித்தார். பிள்ளை உடுப்பைப் பெட்டியில் மடித்து வைத்துவிட்டுப் படுத்துக்கொண்டது என்று அதில் இருந்தது. எஸ்றாத் தம்பியிடம் ஒரு வார்த்தை கேட்டுப்பார், அவனுக்கும் அக்கா தங்கை இருப்பார்கள் என்றும் இருந்தது. எனக்கு ஒரு தங்கை இருந்தாள். போன வருஷம் காலராவில் போய்விட்டாள். அதற்குமேல் என்னால் மறுக்க முடியவில்லை. "சரி அண்ணாச்சி, போயிட்டு வாங்க, வந்து பாத்துக்கிடலாம்" என்றேன். வந்த பிறகு அவர் திரும்பப் பயணம் கேட்கவில்லை. நானும் வற்புறுத்தவில்லை. அது என் குற்றம்.

கடைசி விசாரணை 29-ம் தேதி திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு இங்கே நடக்கிறது. அண்ணாச்சி அங்கே வந்திருந்தார் என்று தாங்கள் இரண்டு வரி எழுதித் தந்தால் போதும். தம்பிக்கு எதிராக எழுத மனம் வராவிட்டால் அதையும் நான் புரிந்துகொள்வேன்.

தங்கள் உண்மையுள்ள,
எஸ்றா


தூத்துக்குடி,
22-7-1946

சேசு மரி சூசை துணை.

தம்பி வில்பிரட்டுக்கு அக்கா எழுதுவது. ராஜதுரை நாளை செங்கோட்டை வண்டியில் வருகிறாராம். அவர் கையில் கொடுக்கிறேன். என் கடிதத்துக்கு நீ பதில் எழுதவில்லை. தபால் நின்றுபோனது 11-ம் தேதிதான். அதற்கு முன்னால் எழுதியிருக்கலாம்.

எஸ்றா கடிதம் எழுதியிருக்கிறார். அதில் என் வார்த்தைகள் இருந்தன. அவற்றை இன்னொருவர் கையெழுத்தில் வாசித்ததும் கடிதத்தை மடித்துக் கீழே வைத்துவிட்டேன். உனக்கு எழுதிய எந்தக் கடிதத்திலும் இதைச் சொல்லவில்லை, இப்போது சொல்லுகிறேன். இருட்டுப் பயணம் அந்தத் தேதிகளில்தான் என்று நீ 8-4 கடிதத்தில் தெளிவாக எழுதியிருந்தாய். அது தெரிந்துதான் உன்னை வரச்சொன்னேன். முடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாய் என்று நினைத்ததாகப் போன கடிதத்தில் எழுதினேனே, அது பொய். நான் நினைக்கவே இல்லை. நினைத்தால் கேட்கவேண்டி வரும் என்று நினைக்காமல் இருந்தேன்.

இன்னொன்று. அப்பாவின் அடையாளத்தை உனக்கு எழுதினேன். வல்லநாட்டு மலை மூடிக்கிடக்கிற நாளில் அப்பா வள்ளத்தையே தள்ளமாட்டார், கரையில் உட்கார்ந்து வலை பார்ப்பார். அது எனக்குத் தெரியும். அதை மட்டும் எழுதவில்லை. கடலுக்குப் போகாமல் இருக்கலாம், ரயில் அப்படி நிற்காது என்பது என் புத்தியில் ஏறவில்லை. மலையை ஒருநாளும் பார்க்காதவள் மலைக்கு வழி சொன்னேன்.

இரண்டு வரி எழுதித் தந்தால் போதும் என்கிறார் அவர். எனக்குப் போதாது. 28-ம் தேதி ஞாயிறு பூசை பார்த்துவிட்டு நானும் அத்தானும் புறப்படுகிறோம். திங்கட்கிழமை ஆபீசர் முன்னால் வந்து, என் தம்பி என் வீட்டில் இருந்தான், நான் கூப்பிட்டுத்தான் வந்தான் என்று சொல்லப்போகிறேன். நீ என்னைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாலும் சொல்லுவேன்.

உன்னை வளர்த்தவள் நான். உன் வேலைக்கு நானே உலை வைக்கிறேன் என்று மூன்று நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை.

அமலோற்பவம்


செங்கோட்டை,
9-8-1946

சேசு மரி சூசை துணை.

அன்புள்ள அக்காவுக்கு வில்பிரட் தோத்திரம். தபால் திரும்ப ஓடுகிறது என்றார்கள். அதனால் எழுதுகிறேன். கைக்கட்டு அவிழ்த்தாயிற்று. நீங்களும் அத்தானும் சுகமாகப் போய்ச் சேர்ந்தீர்களா?

அன்று நீங்கள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு மேஜைக்கு முன்னால் நின்றீர்கள். உங்கள் ரேஷன் கணக்கு நோட்டை ஆபீசர் புரட்டிப் பார்த்தார். "அடையாளம் பாத்துப் பிரேக் போடுன்னு எழுதுனதும் நாந்தான்யா" என்று நீங்கள் சொன்னபோது அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். ஒரு பெண்பிள்ளை ரயில் ஓட்டச் சொல்லிக்கொடுத்தாளா என்று பக்கத்தில் இருந்தவர் சிரித்தார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நீங்கள் மாலை வண்டியிலேயே போய்விட்டீர்கள். ஆளைக் கொன்ற பழியில் பாதியைத் தலையில் தூக்கிக்கொண்டு போனீர்கள்.

அது உங்களுடையது இல்லை அக்கா.

மேகம் இறங்கியிருந்தது என்று எழுதினேன், உண்மை. பாறை தெரியவில்லை என்று எழுதினேன், அதுவும் உண்மை. இசக்கியப்பன் குனிந்து கரி அள்ளிக்கொண்டிருந்தான் என்று எழுதினேன். அது பொய்.

இரண்டாவது பாலம் தாண்டியதுமே அவன் கரண்டியைக் கீழே போட்டுவிட்டான். "அண்ணாச்சி, செவுத்துச் சத்தம் வந்துட்டு, பிரேக்கப் போடுங்க" என்றான். "பொறுலே, பாறை இன்னும் வரல" என்றேன். என் தோளைப் பிடித்து உலுக்கிக்கொண்டு திரும்பவும் கத்தினான். "பாதை தெரியும்னு கையெழுத்துப் போட்டது நீயாலே, நானாலே?" என்று கேட்டேன். அக்கா, இந்த வாயால்தான் கேட்டேன். அவன் என் தோளிலிருந்து கையை எடுத்துவிட்டான். போய் அவன் இடத்தில் நின்றுகொண்டான். அந்த நேரத்தில் பிரேக் போட்டிருந்தால் வண்டி நின்றிருக்கும். அடையாளம் சொன்னது நீங்கள். சத்தம் கேட்ட பிறகும் கேட்காதவன் நான்.

நீங்கள் போன மறுநாள் காலை ஆபீசர் வீட்டு வாசலில் போய் நின்று இதைச் சொன்னேன். எஸ்றா காலில் விழாத குறையாகக் கேட்டவன் நான், அவன் தடுக்கவில்லை என்பதையும் சொன்னேன். எல்லாவற்றையும் எழுதி வாசித்துக் காட்டினார், கையெழுத்துப் போட்டேன். என்னை நீக்கிவிட்டார்கள். வழக்கு வருமாம். எஸ்றாவை ஆறு மாதம் பயர்மேனாக இறக்கியிருக்கிறார்கள், வேலை இருக்கிறது. அவன் பெண்சாதிக்குப் போன செவ்வாய்க்கிழமை பெண் குழந்தை பிறந்திருக்கிறது. தாயும் பிள்ளையும் சுகம் என்று அவனே வந்து சொல்லிவிட்டு, உட்காராமல் போனான்.

பிறகு செல்லத்தாய் வீட்டுக்குப் போனேன். அவளுடைய அண்ணன் வாசலை மறித்துக்கொண்டு, "எதுக்குவே வந்தீரு?" என்றான். அவள் உள்ளேயிருந்து, "வரட்டும், விடு" என்றாள். நின்றபடியே நடந்ததைச் சொன்னேன். அவளிடம் ஆபீசில் வேறுமாதிரி சொல்லியிருக்கிறார்கள். இன்ஜின் இரைச்சலில் ஒன்றும் கேட்டிருக்காது, யாருக்கும் எதுவும் தெரியுமுன்னே முடிந்துவிட்டது என்று. ஒரு மாதமாக அதைத்தான் நம்பிக்கொண்டிருந்திருக்கிறாள்.

நான் சொல்லி முடித்தேன். பிறகு, "அவுக கத்துனது ஒங்களுக்குக் கேட்டுச்சா?" என்று கேட்டாள்.

"கேட்டுச்சும்மா" என்றேன்.

"நல்லாக் கேட்டுச்சா?"

"நல்லாக் கேட்டுச்சு."

அவள் எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

உங்கள் தம்பி,
வில்பிரட்